வழக்கமான கவனிப்பு

பத்ரோசும் தாமோதரனும் ஒரே நாளில், ஒரே இடத்தில், பத்து நிமிட இடைவெளியில் விழுந்தார்கள். ஜூலைக் கடைசி, கர்க்கடக மாத மழை. பத்ரோஸ் வீட்டு முற்றம் முழுக்கப் பாசி. கிணற்றடிக்குப் போன பத்ரோஸ் வழுக்கி விழுந்து கத்தினார். பக்கத்து வீட்டுத் தாமோதரன் சத்தம் கேட்டு வந்து, தூக்கிவிடக் குனிந்து, அவருக்குப் பக்கத்திலேயே விழுந்தார். இருவருக்கும் வலது இடுப்பு எலும்பு முறிந்தது. ஒரே ஆம்புலன்சில் ஏற்றினோம்.

பத்ரோசுக்கு எழுபத்து நான்கு வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தாமோதரனுக்கு எழுபத்தாறு. ரப்பர் சங்கத்தில் மரப்பால் எடை பார்த்தவர். மனைவி இறந்தபின் மருமகள் ஷைலஜாவோடு இருந்தார், மகன் மஸ்கட்டில். நான் அவர்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இதில் வரும் காகிதங்களில் பாதி என் கடையில் நகலெடுத்தவை. அதனால்தான் எனக்கு இவ்வளவு தெரியும்.

ஆஸ்பத்திரியில் பதினொன்றாம் கட்டிலும் பன்னிரண்டாம் கட்டிலும் இவர்களுக்குக் கிடைத்தன. அறுவை நன்றாக நடந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று ஸ்ரீவித்யா என்ற பெண் கோப்போடு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் முதியோர் மறுவாழ்வு ஆய்வு மையம் என்று ஒன்று உண்டு. அங்கிருந்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும் வயதானவர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள், எத்தனை தடவை மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று மையம் ஒரு வருடம் ஆராயப் போகிறது, மொத்தம் அறுபது பேர், சேர விருப்பமா என்று கேட்டாள். இருவரும் விருப்பம் என்றார்கள். கேட்ட பெண் அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள்.

அறுபது பேரையும் சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாக்குவோம் என்று சொல்லி, ஒட்டிய இரண்டு உறைகளை எடுத்துப் பிரித்தாள். தாமோதரனுக்குச் 'சிறப்புக் கவனிப்பு' என்று வந்தது. பத்ரோசுக்கு 'வழக்கமான கவனிப்பு' என்று வந்தது.

"அதுல என்ன கிடைக்கும் மோளே?" என்று பத்ரோஸ் கேட்டார்.

"வழக்கமா கிடைக்கறது கிடைக்கும் அப்பச்சா."

"வழக்கமா என்ன கிடைக்கும்?"

ஸ்ரீவித்யா கோப்பைப் புரட்டினாள். முன்னும் பின்னும் பார்த்தாள். தாமோதரனின் பிரிவுக்கு நாற்பது பக்கம் இருந்தது. பத்ரோசின் பிரிவுக்கு ஒரு வரி இருந்தது. அதில் 'வழக்கம்போல்' என்று எழுதியிருந்தது. காட்டிய இடத்தில் பத்ரோஸ் கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவருக்கு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது ஒரு கஷ்டம் இல்லை.

மறுநாளே தாமோதரன் வீட்டுக்குச் சக்கரம் வைத்த நடைச்சட்டம் வந்தது. கழிப்பறையில் உயரமான இருக்கையும் சுவரில் கைப்பிடியும் பொருத்தினார்கள். திங்களும் வியாழனும் ரம்லத் நர்ஸ் வருவாள். செவ்வாயும் வெள்ளியும் பிசியோக்காரர் வந்து காலை மடக்கி நீட்டச் சொல்லிக்கொடுப்பார். எந்த நேரமும் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டினார்கள்.

பத்ரோஸ் வீட்டுக்கு மாதம் முதல் தேதி ஸ்ரீவித்யா வருவாள். அறுபத்து நான்கு கேள்விகள். போன மாதம் எத்தனை தடவை விழுந்தீர்கள். எத்தனை தடவை டாக்டரைப் பார்த்தீர்கள். மாடிப்படி ஏற முடிகிறதா. பத்ரோஸ் வீட்டில் மாடி இல்லை என்பதால் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மாதமும் 'முடியவில்லை' என்று குறித்தாள். நாற்பத்தொன்றாம் கேள்வி, வீட்டில் உங்களைக் கவனிக்க ஆள் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பது. பத்ரோஸ் மனைவியைக் காட்டினார். திரேசியாவுக்கு எழுபது வயது, இரண்டு முழங்காலும் சரியில்லை. அவரைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, கஞ்சி கொடுப்பது, படுக்கைப் பாத்திரம் எடுப்பது எல்லாம் அவள்தான்.

"அம்மச்சிக்குச் சம்பளம் உண்டா?" என்று ஸ்ரீவித்யா கேட்டாள்.

இல்லை என்றாள் திரேசியா.

"அப்போ பூஜ்யம்" என்று சொல்லி ஸ்ரீவித்யா எழுதிக்கொண்டாள். திரேசியா அவளுக்குச் சாயா போட உள்ளே போனாள்.

ஆகஸ்ட் கடைசியில் பத்ரோசின் காயம் சிவந்து, ஓரத்தில் சீழ் கட்டியது. நாலு நாள் கழித்து, முதல் தேதி ஸ்ரீவித்யா வந்தபோது அவர் வேட்டியை விலக்கிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்து 'கசிவு: உண்டு' என்ற கட்டத்தில் கோடு போட்டாள். என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்டார். அவள் பேனாவை மூடினாள். சொன்னால் அது கவனிப்பு ஆகிவிடும், தனக்கு எழுதத்தான் அனுமதி என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் கோப்புக்குள் இருந்தது.

அன்று திங்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் ரம்லத் தாமோதரனின் காயத்துக் கட்டைப் பிரித்து மாற்றிக்கொண்டிருந்தாள். திரேசியா மதிலோரம் போய்க் கூப்பிட்டாள். அந்த மதில் நெஞ்சளவுதான். ரம்லத்துக்கு நாற்பது வயது இருக்கும், மூன்று பிள்ளைகள், வேலை போனால் வேறு வேலை இல்லை. வழக்கமான பிரிவில் இருப்பவர்களைத் தொடக்கூடாது, அறிவுரை சொல்லக்கூடாது என்று அவளிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். திரேசியா சொன்னதை அவள் முழுவதும் கேட்டாள். திரும்பிப்போய்த் தாமோதரன் எதிரில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி பேசினாள்.

"தாமோதரன் சேட்டா, காயத்துல சீழ் வந்தா வீட்ல வச்சுக்கக்கூடாது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி சர்ஜன்கிட்ட காட்டணும்."

"எனக்கெங்க சீழ்? காஞ்சு போயிருக்குன்னு இப்பத்தானே சொன்னே?"

"வந்தா சொல்றேன் சேட்டா. வந்தா, இன்னிக்கே. நாளைக்கில்ல."

தாமோதரனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு அவரும் மதில் பக்கம் திரும்பி, தொண்டையைத் திறந்து, "சரி, இன்னிக்கே போறேன்" என்றார்.

திரேசியா ஆட்டோ பிடித்தாள். சீழை வெளியேற்றி மருந்து கொடுத்து மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அக்டோபர் முதல் தேதி ஸ்ரீவித்யா அதை 'மறு சேர்க்கை: ஒன்று' என்று எழுதினாள்.

அதன் பிறகு தாமோதரன் வீட்டில் எல்லாமே சத்தமாக நடந்தது. பிசியோக்காரர் பத்து வரை எண்ணினால், மதிலுக்கு இந்தப்பக்கம் பத்ரோஸ் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பத்து தடவை காலைத் தூக்குவார். முட்டை சாப்பிடச் சொன்னால் திரேசியா முட்டை அவிப்பாள். சாயங்காலம் தாமோதரன் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு மதில்வரை வருவார். பத்ரோஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவார். மதில் மேல் சீட்டுப் போட்டு ரம்மி ஆடுவார்கள்.

"எடோ பத்ரோசே, சர்க்கார் எனக்குத்தான் சொல்லிக்குடுக்குது, நீ எனக்கு முன்னால நடக்குறியே" என்பார் தாமோதரன்.

"நீ டிக்கெட் எடுத்துட்டே, நான் ஃபுட்போர்டுல வரேன்" என்பார் பத்ரோஸ்.

பத்ரோஸ் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சீட்டில் ஏமாற்றினார். அது அவருக்கு நல்ல அறிகுறி.

நவம்பரில் மையத்தில் வரைபடம் போட்டார்கள். வழக்கமான பிரிவு முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் எதிர்பார்த்த அளவு மோசமாக இருந்தார்கள். ஒரு புள்ளி மட்டும் மேலே போயிருந்தது. அது பத்ரோஸ். மையத்தின் இயக்குநர் டாக்டர் கோவிந்தனுண்ணி நான்கு பேரோடு ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல், கோபமே வராத மனிதர். பத்ரோசை நடக்கச் சொல்லிப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். அதன் மேல் விரித்த சீட்டைப் பார்த்தார். ஒருவர் மதிலின் உயரத்தை அளந்தார்.

பிறகு பத்ரோசுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அந்தத் தெரு முழுக்க நின்று கேட்டது.

"சேட்டா, உங்க மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஒருத்தரைக் கவனிக்கிறது சுலபம், யார் வேணா செஞ்சிடலாம். கவனிக்காம இருக்கத்தான் கட்டுப்பாடு வேணும், பயிற்சி வேணும். உங்கள மாதிரி முப்பது பேர் கவனிப்பில்லாம இருந்தாத்தான், கவனிச்சவங்க எவ்வளவு நல்லா இருக்காங்கன்னு எங்களால நிரூபிக்க முடியும். நீங்க நல்லா ஆனீங்கன்னா, நாளைக்கு ஆயிரக்கணக்கான வயசானவங்களுக்கு இந்தத் திட்டம் கிடைக்காம போயிடும். அவங்களுக்காக நீங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

பத்ரோஸ் யோசித்தார். நான் எப்படி ஒத்துழைக்கணும் என்று கேட்டார்.

"வழக்கம்போல இருங்க, அது போதும்" என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் தச்சரும் இரண்டு ஆட்களும் வந்து மதிலின் மேல் தகரம் அடித்தார்கள். ஆறடி உயரம், முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. நல்ல தடிமனான தகரம். பத்ரோசுக்கு ஒரு நடைச்சட்டம் தர மையத்தில் நிதி இல்லை. தகரத்துக்கு 'ஆய்வின் தூய்மை' என்ற தலைப்பில் நிதி இருந்தது. ரம்லத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நோயாளியிடம் தேவைக்கு அதிகமான குரலில் பேசியது ஏன் என்பது கேள்வி. தாமோதரன் சேட்டனுக்குக் காது மந்தம் என்று எழுதினாள். காது பரிசோதகர் வந்து தாமோதரனைச் சோதித்து, காது நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்தார். ரம்லத்தை வீடு வீடாகப் போகும் வேலையிலிருந்து எடுத்து, மையத்தின் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். தாமோதரன் வீட்டுக்குப் புதிய நர்ஸ் வந்தாள். அவள் குரல் ஷைலஜாவுக்கே கேட்காது.

பத்ரோஸ் ஆய்விலிருந்து விலக மனு எழுதினார். என் கடையில்தான் எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது. விலக அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் முதலில் எந்தப் பிரிவில் சேர்ந்தாரோ அந்தப் பிரிவில்தான் கடைசிவரை கணக்கிடப்படுவார். வெளியே போனாலும் உள்ளே இருப்பவராகவே கருதப்படுவார். இது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. பத்ரோஸ் இரண்டு முறை வாசித்தார். "பஸ்ஸவிட்டு எறங்கினாலும் டிக்கெட் ஓடிக்கிட்டே இருக்கும்னு சொல்றாங்க" என்றார். அப்புறம் வீட்டுக்குப் போய் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இன்னொரு மனு எழுதினார்.

டிசம்பரில் மருந்துக்கடையில் ஒரு ஊன்றுகோல் வாங்கினார். அதைப் பிடித்துக்கொண்டு வாசல் வழியாகத் தாமோதரன் வீட்டுக்குப் போகப் பார்த்தார். இரண்டு வாசலுக்கும் நடுவில் தெரு சரிவு. பாதியில் இடுப்பு வலித்துத் திரும்பினார். இரண்டு முறை முயன்றார். தாமோதரனின் நடைச்சட்டச் சக்கரம் அந்தச் சரிவில் நிற்காது. தகரத்தின் வழியாகக் கொஞ்ச நாள் கத்திப் பேசிப் பார்த்தார்கள். முகம் தெரியாமல் கத்தினால் சண்டை போடுவதுபோல் இருந்தது. விட்டுவிட்டார்கள்.

தாமோதரன் சாயங்காலம் நடப்பதை நிறுத்தினார். செவ்வாயும் வெள்ளியும் பிசியோக்காரர் சொன்னால் காலை நீட்டுவார், அவர் போனதும் படுத்துக்கொள்வார். நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கே என்று தாமோதரன் கேட்டதாக ஷைலஜா சொன்னாள்.

பிப்ரவரியில் அவருக்கு இருமலும் காய்ச்சலும் வந்தது. ஒரு சனிக்கிழமை மூச்சு வாங்கியது. ஷைலஜா சுவரில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தது ரம்லத். உடனே கொண்டுபோங்கள் என்று ரம்லத் சொன்னாள். சொல்லிவிட்டு மேலேயும் தகவல் கொடுத்தாள், கொடுக்க வேண்டும் என்பது விதி. பத்து நிமிடத்தில் மேலிருந்து ஒருவர் ஷைலஜாவைக் கூப்பிட்டார். சிறப்புப் பிரிவில் இருப்பவர்களை அவசரப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கக்கூடாது, வீட்டிலேயே சமாளிக்க முடியுமா என்று பார்க்க ஒரு நிபுணர் குழு இருக்கிறது, அது புதன்கிழமை கூடும், அதுவரை நர்சை அனுப்புகிறோம் என்றார். மிகவும் அன்பாகப் பேசினார். ஷைலஜா காத்திருந்தாள். இவ்வளவு பேர் பார்த்துக்கொள்ளும்போது நாமாக ஏதாவது செய்து கெடுத்துவிடக்கூடாது என்று நினைத்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். பத்ரோசாக இருந்திருந்தால் ஆட்டோ பிடித்திருப்பார்கள்.

தாமோதரன் செவ்வாய்க்கிழமை காலை இறந்தார்.

பத்ரோசை நானும் இன்னொருவரும் தாங்கிக் கொண்டுபோனோம். அவர் தாமோதரனின் காலருகில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மத்தியானம் ஸ்ரீவித்யா வந்து, தாமோதரனுக்கான கடைசிப் படிவத்தை ஷைலஜாவிடம் கேட்டு நிரப்பினாள். 'மறு சேர்க்கை' என்ற இடத்தில் பூஜ்யம் போட வேண்டியிருந்தது. போடும்போது அவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் போட்டாள்.

ஆகஸ்டில் முடிவுகளை அறிவிக்கும் விழா. வழக்கமான பிரிவின் பிரதிநிதியாகப் பத்ரோசை அழைத்திருந்தார்கள். கோலை ஊன்றி மேடையேறியபோது எலும்பு டாக்டர்கள் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். டாக்டர் கோவிந்தனுண்ணி பேசினார்.

"சிறப்புப் பிரிவுல ஒருத்தர்கூட மறுபடி ஆஸ்பத்திரியில சேரல. இது நம்ம மையத்துக்குப் பெரிய வெற்றி. இறப்பு கொஞ்சம் கூடுதல், ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஆய்வு இறப்பைப் பத்தி இல்ல, ஆஸ்பத்திரிப் பயன்பாட்டைப் பத்தி. அந்த அளவுல பார்த்தா, நம்ம கவனிப்புல இறந்தவங்க ஆஸ்பத்திரிக்கு எந்தச் சிரமமும் கொடுக்கல. ஒரு விஷயம் மட்டும் புரியல. சிறப்புப் பிரிவுல ஒரு நோயாளி நாலாம் மாசத்துலருந்து நடக்கறதைத் திடீர்னு நிறுத்திட்டார். வாரத்துக்கு நாலு தடவை ஆள் போயும் காரணம் கண்டுபிடிக்க முடியல. அதுக்குன்னு தனியா ஒரு ஆய்வுக்கு நிதி கேட்டிருக்கோம்."

பத்ரோஸ் எழுந்தார். எழுந்து நிற்க அவருக்கு நேரமானது. அதற்குள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நீங்க தகரம் அடிச்சீங்க சாரே" என்றார்.

டாக்டர் கோவிந்தனுண்ணி பொறுமையாகக் காத்திருந்தார், வேறேதும் வரும் என்று. வேறேதும் வரவில்லை. அவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார், பக்கத்திலிருந்தவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

"தகரம்னு நம்ம படிவத்துல ஒரு கேள்வியும் இல்ல சேட்டா" என்றார் டாக்டர். "ஆனா உங்க ஆர்வத்துக்கு நன்றி."

இன்னொரு முறை கைதட்டினார்கள். பத்ரோஸ் உட்கார்ந்தார். மதியம் கோழிக்கறியோடு சாப்பாடு கொடுத்தார்கள், சாப்பிட்டார். ஆட்டோவில் வரும்போது பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். என்ன நினைக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். கோழியில் உப்பு குறைவு என்றார்.

ஆய்வு முடிந்ததால் ரம்லத்தின் வேலையும் முடிந்தது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சீருடை இல்லாமல் வந்தாள். முதலில் ஷைலஜாவைப் பார்த்துவிட்டு, பிறகு பத்ரோஸ் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அந்த வாசலுக்குள் நுழைந்தாள். திரேசியா அவளுக்கு நாற்காலி போட்டாள், அவள் உட்காரவில்லை. பத்ரோஸ் உள்ளிருந்து கோலை ஊன்றி நடந்து வந்தார். இடுப்பை ஒரு பக்கம் தூக்கி, தோளைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை மாதமாக அவர் நடக்கிற நடை அதுதான். எங்களுக்கெல்லாம் அது பழகியிருந்தது.

ரம்லத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேட்டா, எந்த இடுப்பு ஒடஞ்சது?"

"வலது."

"அப்போ கோலை இடது கையில பிடிக்கணும். நீங்க வலது கையில பிடிச்சிருக்கீங்க."

பத்ரோஸ் கோலைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"எப்பலருந்து இப்படிப் பிடிக்கிறீங்க?"

டிசம்பரிலிருந்து என்றாள் திரேசியா. ரம்லத் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். ஸ்ரீவித்யா எட்டு தடவை வந்து போயிருந்தாள். ஊன்றுகோல் உண்டா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு, உண்டு என்று எழுதியிருந்தாள். எந்தக் கையில் என்று படிவம் கேட்கவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த எலும்பு டாக்டர்களுக்குக் கைதட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ரம்லத் கோலை வாங்கி அவருடைய இடது கையில் கொடுத்தாள். அவர் தோளைத் தொட்டு நிமிர்த்தினாள். வலது காலோடு கோலும் சேர்ந்து போகணும், அவ்வளவுதான் என்றாள். பத்ரோஸ் ஒரு எட்டு வைத்தார். இன்னொன்று வைத்தார். முற்றத்தைக் கடந்து தகரம்வரை நடந்தார். தோள் சாயவில்லை. பல்லைக் கடிக்கவில்லை. திரேசியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலி இருக்கா சேட்டா?" என்று ரம்லத் கேட்டாள்.

"இல்ல" என்றார் பத்ரோஸ்.

அதைச் சொன்னபிறகும் அவர் திரும்பவில்லை. தகரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி எங்களை நோக்கி நடந்து வந்தார். வரும்போது கோல் வழக்கம்போல் வலது கையில் இருந்தது. எப்போது மாற்றினார் என்று யாரும் கவனிக்கவில்லை.